அருளானந்தம் துடுப்பு வலித்த இரண்டு வருஷம்

என் தம்பி அருளானந்தத்துக்கு இருபது வயதில் இடுப்பு போயிற்று. 1944ஆம் வருஷம், பொங்கல் கழிந்த நாலாம் நாள், வைக்கோல் ஏற்றிய வண்டியின் உச்சியில் உட்கார்ந்து களத்திலிருந்து வந்துகொண்டிருந்தான். வாய்க்கால் மேட்டில் வண்டி ஒருக்களித்தபோது சறுக்கி விழுந்தான். முதுகின் அடிப்பகுதி மதகுக் கல்லில் மோதியது.

அவன் எனக்கு ஆறு வயது இளையவன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்று ஏர் பிடிக்கப் போனவன். அவன் எட்டாம் வகுப்பு தேறி, திருச்சிராப்பள்ளிக்குப் போய் வாத்தியார் பயிற்சியும் முடித்தான். எங்கள் ஊர் திருமானூருக்குக் கிழக்கே கொள்ளிடக் கரையில் இருக்கிறது. எங்கள் தெருக் கிறிஸ்தவர்களில் அந்தப் படிப்புக்குப் போனவன் அவன் ஒருவன்தான். அவன் எழுதிய கடிதங்களை நான் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு, கேட்டவருக்கும் கேட்காதவருக்கும் படித்துக் காட்டியிருக்கிறேன்.

திருச்சி ஆஸ்பத்திரி ஒன்றில் எழுபத்தொரு நாள் மல்லாக்கக் கிடத்தியிருந்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னதை அன்றே ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். எலும்பு கோணலாகக் கூடிவிட்டது, அதை இனி நேராக்க முடியாது. வயிற்றிலும் விலாவிலும் முதுகிலும் இருக்கிற சதை சுற்றிலும் இறுக்கிப் பிடித்தால்தான் உடம்பு நிற்கும். படுத்தே கிடந்ததில் அந்தச் சதை கரைந்துவிட்டது. அதற்கு வேலை கொடுக்க வேண்டும். என்ன வேலை என்று கேட்டேன். “உட்கார்ந்தபடியே உடம்பை இரண்டு பக்கமும் திருப்புகிற எந்த வேலையும்” என்றார்.

அரியலூர் வரை ரயிலிலும் அங்கிருந்து வண்டியிலும் கொண்டுவந்தோம். கால்கள் அசைந்தன. ஆனால் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி உட்கார வைத்தால், பிடுங்கிப் போட்ட கீரைத் தண்டு மாதிரி ஒரு பக்கமாகத் துவண்டு சாய்வான். சாயும்போது சிரிப்பான். அம்மா கொல்லைப்புறம் போய் அழுதுவிட்டு வருவார்.

பங்குச் சாமியார் பார்க்க வந்தார். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் அவர் பொறுப்பில் இருந்தது.

“அருளு, ஒன்னாம் வகுப்பு வாத்தியார் அடுத்த வருசம் ஜூன்ல நின்னுடுறார். ஒனக்காக அந்த எடத்தை வச்சிருக்கேன். காலையில மூணு மணி நேரம் முக்காலியில சாயாம உக்காந்து பாடம் சொல்லணும். முடியுமா?”

“முடியும் சாமி” என்றான். சொல்லும்போது என் தோளில்தான் சாய்ந்திருந்தான்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் வேறு நினைப்பு இல்லை. அவன் எவ்வளவு நேரம் சாயாமல் உட்காருகிறான் என்று நான் அளந்து வைக்க நினைத்தேன். வீட்டில் கடிகாரம் கிடையாது. ஆகவே செபமாலையை எடுத்துக்கொண்டு, அவனைச் சுவரை விட்டுத் தள்ளி உட்கார வைத்து, மாலையின் மணி ஒன்றுக்கு ஒரு தடவையாக நிதானமாக அருள்நிறை மந்திரம் சொன்னேன். பதினோராவது மணியில் சாய்ந்தான். ஐம்பத்துமூன்று மணி கொண்ட முழுச் செபமாலை சொல்லி முடிக்கக் கால் மணி நேரம் ஆகும் என்று கோயில் கடிகாரத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். மூன்று மணி நேரத்துக்குப் பன்னிரண்டு செபமாலை. என் தம்பி பதினோரு மணியில் இருந்தான்.

ஆடி மாதம் கொள்ளிடத்தில் தண்ணீர் வந்தது. அவனைக் குளிப்பாட்ட முதுகில் சுமந்துகொண்டு கரைக்குப் போவேன். அங்கே செல்லக்கண்ணு என்று ஒருவர் தோணியில் மீன் பிடித்துக்கொண்டிருப்பார். எங்கள் இரண்டு பேரையும் சின்ன வயதிலிருந்து தெரிந்தவர். வாய் ஓயாது.

“என்ன பெரிய தம்பி, நெல்லு மூட்டையா?”

“மூட்டை பேசும், பாத்துப் பேசுங்க” என்றான் அருளானந்தம் என் முதுகிலிருந்து.

“பேசுற மூட்டைக்கு உக்காரத் தெரியாதாக்கும்?”

“தெரியலண்ணே. டாக்டரு உக்காந்துகிட்டே திரும்பித் திரும்பி வேலை செய்யச் சொல்றாரு. எங்கண்ணன் ஆட்டுக்கல்லுல உக்கார வச்சிப் பாத்தாரு. மாவோட சேந்து நானும் சாஞ்சிட்டேன்.”

செல்லக்கண்ணு தோணியைக் கரைக்கு இழுத்தார். பிறகு சொன்னார்: “நான் முப்பது வருசமா இந்தத் தோணியில குந்தியிருக்கேன். கை வலிச்சிருக்கு, தோளு வலிச்சிருக்கு. இடுப்பு நோவுதுன்னு ஒரு நாளும் படுத்ததில்ல. ஏத்துங்க அவர.”

அது ஒற்றை ஆள் தோணி. முதிர்ந்த பனையின் அடிமரத்தைக் குடைந்தது. ஒன்பது முழம் நீளம், ஒரு முழத்துக்கு நாலு விரல் கூடுதலான அகலம். சாய்ந்துகொள்ள எதுவும் கிடையாது. காலை முன்னே நீட்டி, அடியில் பிட்டம் பதிய உட்கார வேண்டும். உடம்பு ஒரு பக்கம் சரிந்தால் தோணியும் அந்தப் பக்கம் சரியும்.

முதல் நாள் மூன்று தடவை கவிழ்ந்தான். இடுப்பளவுத் தண்ணீரில் நான் பக்கத்திலேயே நின்றதால் தூக்கிவிட்டேன். கரையிலிருந்து அம்மா, “புள்ளைய முழுகடிச்சே கொல்லப் போறீங்களாடா ரெண்டு பேரும்?” என்று கத்தினார். அவன் மூக்கில் தண்ணீர் ஒழுக, “இன்னொரு தடவம்மா” என்றான்.

துடுப்பை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாற்றிப் பிடிக்கிற நேரத்தில்தான் சாய்கிறான் என்று செல்லக்கண்ணு கண்டுபிடித்தார். ஐந்து முழ மூங்கில் ஒன்றை எடுத்து இரண்டு முனையிலும் பலகை அடித்துக் கொடுத்தார். நடுவில் பிடித்துக்கொண்டு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று மாறி மாறிப் போட்டால் போதும். எங்கள் பக்கத்து ஆற்றில் அதற்கு முன் அப்படிப்பட்ட துடுப்பை யாரும் பார்த்ததில்லை. ஊரார் கேலி செய்தார்கள்.

தினமும் விடிந்ததும் கொண்டுபோவேன். ஒரு மாதம் போனபின், அவனே துடுப்பு போடும் விதத்தை மாற்றிக்கொண்டான். எனக்கு அதை விளக்கினான்.

“கையால இழுத்தா தோள்தான் நோவுதுண்ணே. கைய நீட்டுனபடியே வச்சிக்கிட்டு வவுத்தைத் திருப்பணும். அப்ப தோணி தானா ஓடுது. இங்க கை வச்சிப் பாரேன்.”

விலாவுக்குக் கீழே கை வைத்துப் பார்த்தேன். துடுப்பு தண்ணீரில் இறங்கும்போது அந்தச் சதை நனைத்து முறுக்கிய கயிறு மாதிரி இறுகியது. எடுக்கும்போது தளர்ந்தது. எதிர்ப் பக்கத்தில் இறுகியது. கரைந்துபோயிற்று என்று டாக்டர் சொன்ன சதை அது.

ஆவணிக் கடைசியில் முப்பத்தாறு மணி. ஐப்பசியில் ஒரு செபமாலை முழுக்கச் சாயாமல் இருந்தான். அன்று அம்மா பாயசம் வைத்தார். கார்த்திகை வெள்ளத்தில் பதினெட்டு நாள் ஆற்றில் இறங்க முடியவில்லை. அந்தப் பதினெட்டு நாளில் ஒன்றேகால் செபமாலையிலிருந்து முக்காலாக இறங்கினான். அதையும் எழுதி வைத்திருக்கிறேன். வெள்ளம் வடிந்ததும் மறுபடி ஏறினான். கோடையில் ஆறு மணலாகிவிட்டாலும் எங்கள் கரையோரம் ஒரு மடு வற்றாது. அதற்குள்ளேயே செக்கு மாடு மாதிரி சுற்றிச் சுற்றி வலித்தான். 1945 மே மாதம் இருபதாம் தேதி பன்னிரண்டு செபமாலையும் சொல்லி முடித்தேன். தொண்டை கட்டிவிட்டது. அவன் முக்காலியில் நேராக உட்கார்ந்திருந்தான்.

“போதுமாண்ணே, இன்னும் சொல்லப் போறியா?” என்றான்.

ஜூன் மாதம் வேலையில் சேர்ந்தான். ஒரு கோலை ஊன்றி அவனே நடந்து போனான். ஒன்றாம் வகுப்பில் நாற்பத்தேழு பிள்ளைகள். விடியற்காலையில் மடுவில் பத்துச் சுற்று வந்துவிட்டு, ஈரத் தலையோடு பள்ளிக்கூடம் போவான். பிள்ளைகள் அவனைத் தோணி வாத்தியார் என்று கூப்பிட்டார்கள். தோணி படம் போட்டுத்தான் ‘தோ’ எழுத்தைச் சொல்லிக் கொடுத்தான். அந்த வருஷம் அவன் வகுப்பில் படிக்காமல் நின்றுபோன பிள்ளை ஒன்றுகூட இல்லை. நான் வயலுக்குப் போகிற வழியை மாற்றிக்கொண்டு பள்ளிக்கூட ஜன்னல் ஓரமாகப் போவேன், அவன் முதுகைப் பார்க்க.

அவன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அம்மா, பிள்ளை எழுந்து உட்கார்ந்தால் காணிக்கை வைப்பதாக மாதாவுக்கு ஒரு நேர்ச்சை செய்திருந்தார். எங்கள் பக்கத்தில் நோவு தீர்ந்தவர்கள், நோவில் எதைப் பிடித்துக்கொண்டு இருந்தார்களோ அதைக் கோயிலில் கொண்டுபோய் வைப்பார்கள். கக்கத்துக் கட்டை, கை தொங்கவிட்ட துணி, எல்லாம் பக்கத்து மண்டபத்தில் மாட்டியிருக்கும். வைத்த பொருளைத் திரும்ப எடுக்கக் கூடாது. அதே மாதிரி இன்னொன்றைக் கையில் தொடவும் கூடாது. தொட்டால் போன நோவைக் கூப்பிட்டதாகும் என்பார்கள். 1946ஆம் வருஷம் செப்டம்பரில் மாதா திருநாள் நெருங்கியபோது அம்மா கேட்டார். தோணியைக் கொடுக்க வேண்டும் என்றார். செல்லக்கண்ணு அதற்குள் அந்தத் தோணியை அவனுக்கே கொடுத்துவிட்டிருந்தார்.

“அது கக்கத்துக் கட்டை இல்லம்மா. மருந்து” என்றான் அருளானந்தம்.

“நோவு தீந்தவனுக்கு மருந்து எதுக்குடா?”

“தீரலம்மா. எலும்பு இன்னும் கோணலாத்தான் இருக்கு. சதைதான் புடிச்சிருக்கு. நான் நிறுத்துனா அதுவும் விட்டுடும்.”

“அப்ப மாதா ஒண்ணும் பண்ணலங்கிறியா?”

அவன் என்னைப் பார்த்தான். வெள்ளத்தில் நின்ற பதினெட்டு நாளின் கணக்கு என்னிடம் இருந்தது. நான் அதை எடுத்துச் சொல்லியிருக்கலாம். நான் சொன்னது இது: “ரெண்டு வருசமா வலிச்சாச்சு அருளு. இனிமே ஒண்ணும் ஆவாது. ஊரே பாக்கட்டும், எந்தம்பி தோணியைத் தூக்கிக் குடுத்துட்டு நிமிந்து நடந்து வர்றதை.”

அம்மா அதோடு சாப்பாட்டை நிறுத்திவிட்டார். இரண்டாம் நாள் சாயங்காலம் அவன் அடுப்படிக்குப் போய், “சாப்புடும்மா. குடுத்துடலாம்” என்றான்.

செல்லக்கண்ணு மட்டும் என்னிடம் சண்டைக்கு வந்தார். “மெழுகுவத்தி ஏத்துங்க, கெடா வெட்டிச் சோறு போடுங்க. மீனை நேந்துவிடுறேன்னு ஆத்தையா நேந்துவிடுவாங்க?”

திருநாளன்று எட்டுப் பேர் தோணியைத் தோளில் தூக்கினோம். முன்னால் நான். தப்புமேளச் செட்டு வைத்திருந்தேன். தோணிக்குள் அவன் பிள்ளைகள் பூப்போட்டிருந்தார்கள். பின்னால் அவன் கோல் இல்லாமல், துடுப்பைத் தோளில் சாத்திக்கொண்டு நடந்து வந்தான். அவ்வளவு நேராக அவன் நடந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. மண்டபத்தில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வர வேண்டும். எல்லோரும் வந்தோம். அவனும் வந்தான்.

அதற்குப் பின் நடந்ததைச் சுருக்கமாகத்தான் எழுத முடிகிறது.

அவன் வீட்டுக்குள் தரையில் உட்கார்ந்து உலக்கையைக் குறுக்கே பிடித்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தான். அதில் தண்ணீரின் பிடி இல்லை. ஒரு நாள் அம்மா அதைப் பார்த்துவிட்டு, உலக்கையும் துடுப்பும் ஒன்றுதான் என்று அழுது, இனி எதையும் அப்படித் திருப்ப மாட்டேன் என்று சிலுவையைத் தொட்டுச் சத்தியம் செய்யச் சொன்னார். செய்தான். நவம்பரில் செபமாலை சொல்லிப் பார்க்கலாமா என்று கேட்டேன். “வேணாண்ணே” என்றான். வேஷ்டிக்கு மேல் துண்டை வரிந்து வரிந்து கட்ட ஆரம்பித்தான். கோலை மறுபடி எடுத்தான். ஜன்னல் வழியாகப் பார்த்தபோது முக்காலி கரும்பலகைக்குப் பக்கத்தில் நகர்ந்திருந்தது. தோளை அதில் சாய்த்துக்கொண்டு பாடம் சொன்னான்.

1947 மார்ச் மாதம் ஏழாம் தேதி, வெள்ளிக்கிழமை. சிந்தாமணி என்கிற பெண்பிள்ளை சிலேட்டில் எழுதியதைத் திருத்த முக்காலியிலிருந்து பக்கவாட்டில் குனிந்தான். குனிந்தவனால் நிமிர முடியவில்லை. அப்படியே சரிந்து, பழைய இடமே தரையில் அடிபட விழுந்தான். பிள்ளைகள் வயலுக்கு ஓடிவந்து என்னைக் கூப்பிட்டார்கள். நான் போனபோது தரையில் கிடந்தபடியே, “சிலேட்டு ஒடஞ்சிடல, அழாத” என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருந்தான்.

அதிலிருந்து அவன் உட்காரவில்லை.

மூன்று வாரம் எனக்குள்ளேயே பேசிப் பார்த்துவிட்டு, சாமியாரிடம் போனேன். தோணி வேண்டும் என்றேன். என்னை அடிப்பார் என்று நினைத்தேன்.

“மாதாவுக்கு எதுக்குப்பா தோணி?” என்றார். “இதை நிறுத்துனா அவன் மறுபடி சாஞ்சிடுவான்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா? காணிக்கைன்னுதானே கொண்டாந்தே. எடுத்துட்டுப் போ.”

நானும் செல்லக்கண்ணும் மண்டபத்துக்குப் போனோம். தண்ணீரிலேயே கிடந்து பழகிய பனை அது. ஆறு மாதம் காய்ந்ததில் முனையிலிருந்து முனை வரை வெடித்திருந்தது. பிளவுக்குள் என் விரல் நுழைந்தது. செல்லக்கண்ணு பிளவு நெடுகக் கையை ஓட்டிப் பார்த்தார். தாரும் குங்கிலியமும் வைத்து அடைத்துப் பார்த்தோம். ஒழுகியது. புதிதாக ஒரு பனையை வெட்டி, இரண்டு பேருமாகக் குடைந்து முடிக்க ஜூலை ஆகிவிட்டது. அம்மா அந்த மூன்று மாதமும் என்னோடு பேசவில்லை.

அவனிடம் சத்தியத்தைப் பற்றிக் கேட்டேன். “பங்குச் சாமி வந்து அதுலேருந்து விடுவிச்சிட்டாருண்ணே, தூக்கு” என்றான். புதுத் தோணியில் உட்கார வைத்தோம். இரண்டு பக்கமும் ஆளுக்கு ஒரு கை கொடுத்துப் பிடித்தோம். துடுப்பைப் பிடித்தான். வயிற்றைத் திருப்பப் பார்த்தான். நான் விலாவில் கை வைத்தேன். அங்கே ஒன்றும் இறுகவில்லை. அவனுக்கு முகமெல்லாம் வியர்த்தது. பத்தொன்பது நாள் அப்படிக் கொண்டுபோனோம். இருபதாம் நாள் முதுகில் படுக்கைப் புண் தண்ணீர் பட்டு வெளுத்திருப்பதைப் பார்த்து நிறுத்திவிட்டோம்.

அதற்குள் ஊரில் ஒரு பேச்சு கிளம்பியிருந்தது. மாதாவுக்குக் கொடுத்த பொருள் மேல் அவன் மனசுக்குள் ஆசை வைத்திருந்தான், உள்ளுக்குள் திரும்பக் கேட்டுக்கொண்டே இருந்தான், அதனால்தான் கொடுத்த சுகத்தை மாதா எடுத்துக்கொண்டாள் என்றார்கள். அம்மாவும் அதையே நம்பினார். நம்பிக்கொண்டே அவனுக்குப் புண் துடைத்துவிட்டார், வாய்க்குக் கஞ்சி கொடுத்தார். அவனுக்காக மன்னிப்புக் கேட்டுத் தினமும் முழங்காலில் நின்றார். எனக்குப் பொறுக்கவில்லை. வெள்ளக் கணக்கு எழுதிய தாளை எடுத்துக்கொண்டு, அம்மாவிடம் படித்துக் காட்டப் போகிறேன் என்று அவனிடம் சொன்னேன்.

“என்னன்னு சொல்லுவ?” என்றான்.

“தோணியை நிறுத்துனதாலதான் நீ விழுந்தேன்னு.”

“நிறுத்தச் சொன்னது யாரு?”

“நானும் அம்மாவும்.”

“நீ தாங்கிக்குவே. அவங்க தாங்க மாட்டாங்க.” மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னான்: “எம்மேல பழி இருந்தா இருந்துட்டுப் போவட்டும்ணே. நான் எத்தனை நாளைக்கு இருக்கப் போறேன்? அவங்க இருக்குற வரைக்கும் இதச் சொல்லாத.”

1948 ஜனவரி பதினாறாம் தேதி காய்ச்சலில் இறந்தான். இருபத்து நாலு வயது. அவனிடம் முதல் வருஷம் படித்த நாற்பத்தேழு பிள்ளைகளும் வந்திருந்தார்கள். கல்லறையில் ஒருவர் இன்னொருவரிடம், ஆசைப்பட்டிருக்கக் கூடாது என்று சொன்னது என் காதில் விழுந்தது. அம்மா பக்கத்தில் நின்றதால் பேசாமல் இருந்தேன்.

அம்மா இந்த ஐப்பசி மாதம் இறந்தார். அடக்கம் முடிந்து முப்பது நாள் ஆகிறது. இதை இரண்டு படி எழுதியிருக்கிறேன். ஒன்றைச் சாமியாரிடம் கொடுக்கிறேன். மற்றதை ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் கோயில் வாசலில் நின்று நானே படிக்கப் போகிறேன். அருளானந்தம் உட்கார்ந்தது அவன் உழைத்து உண்டாக்கிய சதையால். அது போனது நாங்கள் தோணியைப் பிடுங்கியதால். அவன் மாதாவிடம் எதையும் திரும்பக் கேட்கவில்லை. கேட்டவன் நான், அதுவும் அவன் விழுந்து இருபத்திரண்டு நாள் கழித்து.